டெஸ்டிமோனாவுக்குக் கிடைக்காத விசாரணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு துன்பியல் நாடகத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. கதையைக் கட்டுரையாளர் பிழையின்றிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அளவுக்கு மீறி மனைவி டெஸ்டிமோனாவை நேசித்த ஒரு மாவீரன் பொறாமை என்னும் நோய்க்கு ஆட்பட்டு அவளைக் கொன்று தானும் மாண்டான் என்று அவர் முடித்திருப்பதை, தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனெனில் அது ஒதெல்லோ தனக்குத் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு. கடைசிக் காட்சியில் உண்மை முழுவதும் வெளிப்பட்ட பிறகு, வெனிஸ் அரசின் தூதர்களைப் பார்த்து, இந்தத் துயரச் செய்தியை நீங்கள் கடிதத்தில் எழுதும்போது என்னைப் பற்றி இப்படி எழுதுங்கள் என்று அவன் கேட்டுக்கொள்கிறான். அறிவோடு காதலிக்கத் தெரியாமல் அளவு கடந்து காதலித்தவன், எளிதில் பொறாமைப்படாதவன், பிறர் தூண்டியதால் நிலைகுலைந்தவன் என்றெல்லாம் சொற்களை அவனே எடுத்துக் கொடுக்கிறான். சற்று முன்புதான் தன்னை மானமுள்ள கொலைகாரன் என்று வேறு சொல்லியிருக்கிறான். மனைவியின் உடல் அதே அறையில் கட்டிலில் கிடக்கிறது. அவன் தன்னை மூடன் என்று பழித்து அழுவதும் பொய்யன்று. அந்த அழுகைக்கு நானும் இரங்குகிறேன். ஆனால் கொன்றவன் தந்த வாசகத்தை அப்படியே எடுத்து நாம் தலைப்பாக்கிவிட்டால், கொல்லப்பட்டவளின் வாசகத்தை யார் எழுதுவது?

நாடகத்தின் முதல் அங்கத்தைக் கட்டுரையாளர் இரண்டு வரியில் கடந்துவிட்டார். எனக்கோ முழு நாடகத்தின் திறவுகோலும் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. டெஸ்டிமோனா தந்தைக்குத் தெரியாமல், வெனிஸ் அரசின் கறுப்பினத் தளபதியான ஒதெல்லோவை மணந்துகொண்ட இரவில், அவள் தந்தை பிரபான்சியோ அரசவைக்கு ஓடி வந்து, இந்தக் கறுப்பன் மருந்தும் மந்திரமும் வைத்து என் மகளை மயக்கிவிட்டான் என்று முறையிடுகிறார். சைப்ரஸ் தீவை நோக்கித் துருக்கியர் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அரசவை நள்ளிரவில் அவசரமாகக் கூடியிருக்கிறது. குற்றம் சாட்டுபவர் மதிப்பு மிக்க பெரிய மனிதர். அப்படியிருந்தும் வெனிஸின் தலைவர், குற்றத்தைச் சொல்வது வேறு, மெய்ப்பிப்பது வேறு என்று அவரிடம் அமைதியாகச் சொல்கிறார். அப்போது ஒதெல்லோ கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்ணை இங்கே வரவழையுங்கள், தந்தையின் முன்னாலேயே அவள் பேசட்டும். அவள் வருகிறாள், பேசுகிறாள், அவனுடைய பெயர் காப்பாற்றப்படுகிறது. இந்த நாடகத்துக்கு மூலமான இத்தாலியக் கதை 1565இல் அச்சானது. அதில் இந்த அரசவை விசாரணை கிடையாது; ஷேக்ஸ்பியர் தாமாகச் சேர்த்தது. வேண்டுமென்றே சேர்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒதெல்லோவின் துணைத் தளபதி காசியோவோடு டெஸ்டிமோனாவுக்குத் தகாத உறவு என்று, ஒதெல்லோவின் கீழ்ப் பணிபுரியும் இயாகோ பொய் சொல்லி அவனை நம்பவைக்கிறான்; ஒதெல்லோ அவளுக்குப் பரிசளித்த கைக்குட்டை காசியோவிடம் இருப்பதைச் சான்றாக்குகிறான். ஐந்தாம் அங்கத்தில், கொல்ல வந்து நிற்கும் கணவனிடம், அன்று அவன் கேட்ட அதே விசாரணையைத்தான் டெஸ்டிமோனாவும் கேட்கிறாள். கைக்குட்டையை நான் காசியோவுக்குக் கொடுக்கவில்லை, அவனை வரவழைத்துக் கேளுங்கள், அவன் உண்மையைச் சொல்லட்டும் என்கிறாள். அவன் வாய் அடைக்கப்பட்டுவிட்டது, நேர்மையான இயாகோ அதைப் பார்த்துக்கொண்டான் என்கிறான் ஒதெல்லோ. தனக்குக் கிடைத்த விசாரணையை, அதுவும் அவள் சாட்சியத்தாலேயே தன்னைக் காப்பாற்றிய விசாரணையை, அவளுக்கு அவன் மறுக்கிறான். சாட்சி சொல்லக்கூடிய ஒருவனைக் கொல்லும்படி முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறான். இதைப் பொறாமை என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட முடியுமா? டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணும் இயாகோவின் மனைவியுமான எமிலியாவை அவன் விசாரிக்கத்தான் செய்கிறான். என் தலைவி கற்புடையவள், என் ஆன்மாவையே பணயம் வைக்கிறேன் என்று அவள் சொன்னதும், இவள் இப்படித்தான் சொல்வாள் என்று தள்ளிவிடுகிறான். முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கேட்கும் கேள்வி அது.

சான்று என்று அவன் கையில் இருந்தது என்ன? கண்ணால் காணும் சான்று வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடித்தவன், காசியோ தூக்கத்தில் உளறியதாக இயாகோ சொன்ன ஒரு கதையையும் ஒரு கைக்குட்டையையும் வைத்துக்கொண்டு அடங்கிவிடுகிறான். அந்தக் கைக்குட்டை கீழே விழுந்ததற்கும் அவனே காரணம். நெற்றி வலிக்கிறது என்றவனுக்கு அவள் அதைக் கட்டிவிட வந்தபோது, இது சிறியது என்று தள்ளியவன் அவன்தான். அவனுக்குள் வேறொரு காயமும் இருந்தது. தன் நிறத்தவரையும் தன் நாட்டவரையும் விட்டுவிட்டு இவள் உன்னை ஏன் தேர்ந்தாள் என்று இயாகோ தொட்ட இடம் அது. மலையாள நாட்டில் பிழைக்க வந்து, பாண்டிக்காரர் என்று ஒதுக்கிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தக் காயம் புரியும். ஆனால் அது அவனுடைய சந்தேகத்துக்குக் காரணம் சொல்லுமே தவிர, அவள் கேட்ட விசாரணையை மறுத்ததற்குக் காரணம் சொல்லாது.

நற்பெயர் பற்றி இயாகோ பேசும் வசனத்தைக் கட்டுரையில் எடுத்துக்காட்டி இருந்தார்கள்: பணப்பையைத் திருடுபவன் குப்பையைத் திருடுகிறான், நற்பெயரைத் திருடுபவன் என்னை ஏழையாக்குகிறான் என்பது. அழகான வசனம்தான். ஆனால் இதே இயாகோ இதற்கு முந்தைய அங்கத்தில், குடித்துவிட்டுச் சண்டையிட்டுப் பதவி இழந்த காசியோ, என் நற்பெயர் போயிற்றே என்று புலம்பும்போது, நற்பெயர் என்பது வெறும் பொய்யான சுமை, தகுதியின்றி வருவது, குற்றமின்றிப் போவது என்று தேற்றுகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் வஞ்சகம் எவ்வாறு நடக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். நாடகம் முழுவதும் இயாகோவுக்கு வாய்த்த அடைமொழி நேர்மையானவன் என்பது. ஊரே தந்த அந்தப் பெயரைக் கொண்டுதான் அவன் மற்றவர் பெயரைக் கெடுக்கிறான். கெட்ட பெயர் எடுத்த ஒருவன் இதே சொற்களைச் சொல்லியிருந்தால் ஒதெல்லோ செவிசாய்த்திருக்க மாட்டான்.

காசியோவின் பெயர் ஒரே இரவில் கெட்டது. அதை மீட்டுத்தர டெஸ்டிமோனாவே பரிந்து பேசினாள், நாடகம் முடியும்போது அவன் சைப்ரஸின் ஆளுநர் ஆகிறான். டெஸ்டிமோனாவின் பெயரை மீட்க, உண்மையைச் சொன்ன எமிலியா தன் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. காசியோவின் காதலியாகப் பியாங்கா என்றொரு பெண்ணும் வருகிறாள். காசியோ காயம்பட்டதும், விசாரணை ஏதுமின்றி அவள்மீது பழி போட இயாகோ முயல்கிறான். எமிலியாவும் சேர்ந்து அவளை வேசி என்று ஏசுகிறாள் என்பது படிக்கும்போதெல்லாம் என்னைத் துன்புறுத்தும் இடம்.

மங்கலதேவி மலையடியில் இருக்கும் எங்களுக்கு இதெல்லாம் புதிய கதையன்று. மதுரையை எரித்த கண்ணகி வந்து சேர்ந்த மலை அது என்று எங்கள் பகுதியினர் நம்புகின்றனர். ஆண்டுக்கொரு முறை சித்திரை முழுநிலவன்று மட்டும், தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களின் ஏற்பாட்டில், இரு மாநில மக்களும் அங்கே ஏறிச் சென்று வணங்குகின்றனர். சிலப்பதிகாரத்திலும் கொலையின் பின்னணியில் ஒரு பொறாமை இருக்கிறது. கூத்து மகளிரின் ஆடலில் மன்னன் மனம் சென்றதை எண்ணி ஊடல் கொண்ட பாண்டிமாதேவி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போகிறாள். அவளைத் தேற்ற விரையும் மன்னனிடம் பொற்கொல்லன் வந்து பழியை ஓதுகிறான். மன்னன் தேரானாகி ஆணையிடுகிறான். காவலர்கள் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர்; கள்வர் நூலின் நுட்பங்களை எடுத்தோதிப் பொற்கொல்லன் அந்த ஐயத்தை நசுக்குகிறான். இயாகோவுக்கு இவன் எவ்வகையிலும் குறைந்தவன் அல்லன். கண்ணகி அவையில் நின்று தேரா மன்னா என்று அழைத்ததும், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியதும் நாம் அறிந்தவை. நான் சொல்ல வருவது அதன் பிறகு மன்னன் பேசியதை. பொற்கொல்லன் சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன் என்கிறான். என்னைப் பற்றி நல்லபடியாக எழுதுங்கள் என்று அவன் எவரையும் கேட்கவில்லை.

ஒரு நாளிதழுக்கு இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி வந்து, காய் எடுத்துவிட்டு அந்தியில் இறங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். ஜீப் பழுதாகி ஒரு மணி நேரம் தாமதித்தாலும், கங்காணியிடம் சிரித்துப் பேசினாலும், கைப்பேசியில் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் பெயர் கெடுவதற்குப் போதும். தோட்டத்திலேயே தங்கியிருப்போரின் லயத்து வரிசை வீடுகளுக்குச் சுவர் பொது. ஒரு வீட்டின் ஐயம் விடிவதற்குள் வரிசை முழுவதும் உறுதியான செய்தி ஆகிவிடும். அவர்களுள் ஒருத்தி கணவன் கையால் கொல்லப்படும்போது, மறுநாள் நாளிதழ்களில் நடத்தையில் சந்தேகம் என்று தலைப்பிலேயே காரணம் வந்துவிடுகிறது. அந்தக் காரணத்தைச் சொன்னவர் யார் என்று பார்த்தால், கைதானவர். காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்பதில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அவருக்கு எதிராகவே செல்லாத ஒரு வாக்குமூலத்தை, பேச வாயில்லாமல் பிணவறையில் கிடக்கும் பெண்ணுக்கு எதிரான சான்றாக நாம் அச்சிட்டு வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அவளுடைய பிள்ளைகள் அந்தத் தாளைப் படிக்கும் வயதில் இருப்பார்கள். பள்ளியில் உடன் படிப்பவர்களும் படிப்பார்கள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இத்தகைய செய்திகளில் கைதானவர் கூறும் காரணத்தைத் தலைப்பில் இடாதீர்கள். செய்திக்குள் அதைக் குறிப்பிட நேர்ந்தால் சொன்னவர் யார் என்பதையும், அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். இறந்தவரின் தாய் தந்தையரோ உடன்பிறந்தோரோ சொல்வதையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். வழக்கு பல ஆண்டுகள் கழித்து முடியும்போது, அன்று கொலையை வெளியிட்ட அதே பக்கத்தில், அதே அளவில் தீர்ப்பையும் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
குமுளி, இடுக்கி மாவட்டம்.