கடைசிச் சுற்று என்றைக்கு முடியும்? மருத்துவக் கலந்தாய்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவினருக்கும் தமிழ்நாட்டுத் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. அது உங்கள் மேசையில் தீர்கிற விஷயமும் அல்ல. ரிசல்ட் வந்த மறுநாளே வீடுகளில் எழுகிற கேள்வி வேறு: கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடுவதா, இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ணுவதா? இதற்கு விடை சொல்லும் விவரங்கள் இரண்டு. கடைசிச் சுற்று என்றைக்கு முடியும்? போன வருஷம் எந்தப் பிரிவில், எந்தச் சுற்றில், எந்த ரேங்க்கோடு சீட் நின்றது? இரண்டையும் நீட் முடிவு வரும் நாளிலேயே வெளியிடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான்.

2024-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 4-இல் முடிவு, 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் குளறுபடியும் மறுதேர்வும், ஜூலை 26-இல் திருத்திய முடிவு. கலந்தாய்வுப் பதிவு தொடங்கவே ஆகஸ்ட் பாதி ஆகிவிட்டது. கடைசியில், காலி இடங்களை நிரப்ப உச்ச நீதிமன்றம் டிசம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தது. டாக்டர் சீட் வீணாகக் கூடாது, சரிதான். ஆனால் அடுத்த நீட் 2025 மே 4. இடையில் 125 நாள். அதற்கான விண்ணப்பமோ பிப்ரவரி 7-ஆம் தேதியே திறந்துவிட்டது. மிஞ்சிய காலி இடங்களுக்கான கடைசி 'ஸ்ட்ரே' சுற்றில் சீட் விழுமா என்று காத்திருந்த பிள்ளை எப்போது புத்தகத்தைத் திறப்பது?

காத்திருக்கும்போது சும்மா இருக்க முடியாதே என்று பலர் பி.எஸ்சி.யிலோ பி.இ.யிலோ சேர்ந்துவைக்கிறார்கள். கஷ்டம் அங்கேதான் முற்றுகிறது. 2024-25-க்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னபடி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் ரூ.1,000 பிடிக்கலாம். உங்கள் சுற்றுகளோ அந்தத் தேதியையும் தாண்டி ஓடின. நவம்பரில் எம்பிபிஎஸ் அலாட்மென்ட் வந்த பிள்ளை அந்தக் கட்டணத்தைக் கைகழுவிவிட்டுத்தான் வர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. இருந்தும் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்குவதற்குள், மருத்துவக் கல்லூரியில் சேர நீங்கள் கொடுத்த சில நாள் கெடுவில் பாதி போய்விடுகிறது. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே அப்பா ஃபைலோடு ஓடுகிறார். தேதி முன்பே தெரிந்திருந்தால் இந்த ஓட்டத்தில் பெரும்பகுதி மிச்சம்.

ரேங்க் விவரமும் இதே கதைதான். "போன வருஷம் 600 மதிப்பெண்ணுக்கே கிடைத்ததாமே" என்ற கணக்கு இனிச் செல்லாது. 2024-இல் திருத்திய முடிவுக்குப் பின்னும் 17 பேர் 720-க்கு 720. 2025-இல் முதல் மதிப்பெண்ணே 686. ரேங்க்கை வைத்துத்தான் ஒப்பிட முடியும், அதிலும் ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று பிரிவுவாரியாக. கடைசி ரேங்க்குக்குச் சற்றே வெளியே நிற்கும் பிள்ளைக்கு ரிப்பீட் அர்த்தமுள்ள முடிவு: தவறாகப் போன 10 கேள்விகளைச் சரியாக்கினாலே, இழந்த 4-உம் மைனஸ் 1-உம் சேர்ந்து 50 மதிப்பெண் கூடும். ஆயிரக்கணக்கில் பின்தங்கியவருக்கு அந்தக் கணக்கே வேறு. எவர் எங்கே நிற்கிறார் என்பதை இன்று கோச்சிங் சென்டர்களும் 'கன்சல்டன்ட்'களும் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். அவர்கள் விற்பது, நீங்கள் பக்கம் பக்கமாகப் பிடிஎஃப்பில் போட்ட அலாட்மென்ட் பட்டியலைத்தான். அதை ஒரே தாளில் தொகுத்துத் தர உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை நாள் ஆகும்?

ரிப்பீட்டர் என்றால் ஏதோ விதிவிலக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். 2022-இல் உச்ச வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தாராள மனசு! பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் வருஷங்கள் கொட்டிக் கிடக்கின்றன என்று யார் கண்டது?

பொறுத்தருளுங்கள், பேச்சு எங்கோ போய்விட்டது. மறுபடியும் பணிவாகவே கேட்கிறோம். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கும் 85 சதவீத மாநில இடங்களுக்கும் சேர்த்து, ஸ்ட்ரே சுற்று உட்பட ஒரே கால அட்டவணை. போன வருஷத்தின் பிரிவுவாரிக் கடைசி ரேங்க், சுற்றுவாரியாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தனியாக. இரண்டும் நீட் முடிவு வரும் அதே நாளில். அட்டவணை தள்ளிப்போகிறதென்றால், புதுத் தேதியையும் காரணத்தையும் அன்றே உங்கள் இணையதள முகப்பில் தமிழிலும் போடுங்கள்.

இப்படிக்கு,
நீட் மறுமுறை எழுதும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள்