ஸ்பார்க் பிளக்கை எறியுமுன் ஒருமுறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கராச் வேலையை விட்ட பிறகும் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுப் படலைக்கு வருகிறவர்கள் குறையவில்லை. அநேகர் சொல்வது இதுதான்: "புதுப் பிளக் போட்டு ஒரு கிழமைகூட ஆகேல்லை அண்ணை, திரும்பவும் ஸ்டார்ட் இல்லை." கழற்றிய பிளக் எங்கே என்று கேட்டால், கராச்சில் எறிந்துவிட்டார்களாம். எனக்கு மனம் பொறுக்காதது இதுதான். எஞ்சினுக்குள் பொறி போட்டுப் பெற்றோலைப் பற்றவைப்பது பிளக், உள்ளே நடப்பதையும் அதுதான் காட்டும். அதைப் பார்க்காமல் எறிந்தால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

பிளக்கின் நுனி மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிகிறது, கோளாறை வேறிடத்தில் தேடுங்கள். விரலில் மைபோல ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுகிறது அல்லது காற்றுக் குறைகிறது. முதலில் எயர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தூசி அதை அடைத்துவிடும். அடுத்தது, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைக்கும் சொக். விடியப்புறம் மரக்கறி மூட்டையோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர், இழுத்த சொக்கை விடாமலே போய்ச் சேர்ந்துவிடுகிறார். தூரமும் கிட்ட. பிளக் நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரிக்கும். அந்தச் சூடு வருமுன் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். கரியில் மின்சாரம் பாயும். வெள்ளைப் பீங்கானில் கரி படர்ந்தால் மின்சாரம் நுனி இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல் அந்தக் கரிவழியே பிளக்கின் இரும்புக்கு இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு உதைத்தும் பயனில்லை.

ஒயில் பட்டு ஈரமாக மினுங்கினால் ஒயிலை மேலே வராமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சீல் போயிருக்கும். அங்கே பிளக் மாற்றுவது வீண் செலவு.

கரி பிடிக்கிறது என்று சிலர் சூடு கூடிய பிளக், அதாவது நுனியில் சூட்டைக் கூடத் தக்கவைக்கும் பிளக் போடுகிறார்கள். என்.ஜி.கே. கம்பனிப் பிளக்கில் சூட்டு இலக்கம் குறையச் சூடு கூடும், பொஷ் கம்பனியில் நேர்மாறு. இது தெரியாமல் மாற்றினால் பிஸ்டனுக்கே ஆபத்து. ஹொண்டா சி90 வகை எஞ்சினுக்குக் கம்பனி சொன்ன பிளக்கே போதும், நுனி இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். கம்பித் தூரிகையால் பீங்கானைத் தேய்க்க வேண்டாம். உலோகம் கோடாகப் படிந்து அதுவும் மின்சாரத்தைக் கடத்தும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டால் ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். அது லேசில் ஆவியாகாது, அரைகுறையாக எரிந்து பிளக்கைக் கறுப்பாக்கும். பிளக் சாவி இல்லாமல் வெளிக்கிடவே பயம். வாத்திமாரும் தபால்காரரும் வீதியோரத்தில் பிளக்கைக் கழற்றி, நிறம் பார்த்து, துடைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த அறிவு எங்கள் தலைமுறையோடு போகக் கூடாது.

கராச் நடத்தும் தம்பிமாரிடம் கேட்பது ஒன்றுதான்: கழற்றிய பிளக்கை உரியவரின் கையில் கொடுத்து, ஏன் இப்படி ஆனது என்று சொல்லுங்கள். உங்கள் பத்திரிகையும் மண்ணிறம், கரி, ஒயில் மூன்றையும் வர்ணப் படமாக ஒருமுறை போட வேண்டும். கறுப்பு வெள்ளையில் வித்தியாசம் தெரியாது. படமெடுக்கப் பழைய பிளக்குகள் என்னிடம் இருக்கின்றன, ஆள் அனுப்பினால் தருகிறேன்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
உரும்பிராய்.