கடற்கரையில் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மாலை மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே நிறுத்தியிருந்த என் சைக்கிளை எடுக்கத் திரும்பியபோது, தாழ்வான வேலியோடு பூட்டிய முன்சக்கரம் மட்டுமே அங்கே இருந்தது; கருவியே தேவையில்லாமல், அச்சிலிருந்த பிடியை விரலால் நெம்பிக் கழற்றிவிட்டு மீதியைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டாதது என் தவறுதான் என்றாலும், அந்த வேலிக்கு எட்டியது முன்சக்கரம் ஒன்றே. உப்புக் காற்றில் மலிவான பூட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடுவது வேறு கதை.

கார்களுக்கு இடம் ஒதுக்கும் கடற்கரைகளில், சுண்டல் வியாபாரிகளும் ஓட்டிவரும் சைக்கிள்களுக்காக, விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடங்களில், தலைகீழ் ‘ப’ வடிவ இரும்புக் குழாய்களைக் காங்கிரீட்டில் பதித்துத் தருமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவல்லிக்கேணி