"வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மேடைக்குக் கீழேயும் பின்னாலேயும் நிற்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஒரு பாட்டு ஓடத் தொடங்கிவிட்டால் போதும், பாடுகிறவரைச் சுற்றி "சூப்பர்" சொல்கிற கூட்டம் பெருகிவிடும். கார் கதவைத் திறக்க ஓர் ஆள், சால்வையோடு ஓர் ஆள், செல்ஃபிக்கு ஒரு வரிசை. அந்தக் கூட்டத்தில் ஒருவரும் "சத்தத்தைக் குறை", "சுருதியை இறக்கு", "இன்றைக்குப் பாடாதே" என்று சொல்லமாட்டார்கள். அதைச் சொல்கிறவர்கள் நீங்கள்தான். கேட்கிற நேரத்தில் எந்தப் பாடகருக்கும் அது இனிக்காது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானமானாலும் சரி, அம்மன் கோவில் திருவிழாவுக்குத் தெருமுனையில் போட்ட மேடையானாலும் சரி, பாப் பாட்டும் சினிமாப் பாட்டும் பாடிப் பிழைக்கிற நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பொதுவாக "எல்லோருக்கும் நன்றி" என்பதைவிட, நீங்கள் செய்கிற வேலை என்னவென்று விவரமாக எழுதினால் புதிதாகப் பாட வருகிற பிள்ளைகளுக்கும் பயன்படும்.

முதல் நன்றி மானிட்டர், அதாவது பாடுகிறவரைப் பார்த்து மேடையில் வைக்கிற ஸ்பீக்கர், அதற்கு மிக்சிங் பார்க்கிற அண்ணன்களுக்கு. கூட்டத்துக்குக் கேட்கிற சத்தத்தை எதிரே உட்கார்ந்து ஒருவர் பார்ப்பார். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டியதை ஓரத்தில் நின்று இன்னொருவர் பார்ப்பார். சின்னக் கச்சேரியில் இரண்டும் ஒரே ஆள். பாடகர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே." ஏற்றினால் ட்ரம்ஸ்காரர் தன்னுடையதை ஏற்றச் சொல்வார், கிடார்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருகுவார், நாலாவது பாட்டில் மேடை முழுக்க ஒரே இரைச்சல். குரல் மறுபடியும் மூழ்கும், பாடகர் தொண்டையைப் போட்டு இழுப்பார். நீங்களோ குரலைத் தொடாமல் கீபோர்டை 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) இறக்கிவிட்டு "இப்பப் பாடுங்க" என்பீர்கள். கேட்கும்.

மைக் பிடிக்கிற விதத்தையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கிற மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாலே ஏறக்குறைய 6 டெசிபெல் இனாமாகக் கிடைக்கும். உதட்டோடு ஒட்டினால் அடிச்சத்தம் பெருத்துச் சொல் குழம்பும் என்பதால் 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுகிறீர்கள். ஸ்டைலுக்காக மைக்கின் உருண்டையைக் கையால் பொத்திப் பிடிக்கிற பழக்கத்தை மட்டும் நீங்கள் மன்னிப்பதே இல்லை. நியாயம்தான். 1966-ல் வந்து இன்னும் மேடைகளை விட்டுப் போகாத ஷூர் எஸ்.எம்.58 போன்ற கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்குகிற மைக், பின்பக்கச் சத்தத்தை ஒதுக்குவதே உருண்டைக்குள் பின்புறமாக இருக்கும் துளைகள் வழியாகக் காற்று போய்வருவதால்தான். பொத்தினால் அந்த வழி அடைபட்டு, நாலு பக்கச் சத்தத்தையும் வாங்குகிற மைக்காகிவிடும். மானிட்டரில் வருவதையே திரும்ப உறிஞ்சி "கூ" என்று ஊளையிடும். பழி என்னவோ சவுண்ட்காரர் தலையில். முன்பக்கத்தை இன்னும் குறுகலாக வாங்குகிற சூப்பர் கார்டியாய்டு மைக் வந்தால் மானிட்டரை நேர் எதிரே வைக்காமல் இரண்டாகப் பிரித்து வலமும் இடமும் சாய்த்து வைக்கிறீர்களே, அதையும் பார்த்திருக்கிறோம். அந்த மைக்குக்கு நேர் பின்னாலும் கொஞ்சம் காது உண்டு.

மானிட்டருக்குப் பதிலாகக் காதுக்குள் போடும் குட்டி ஸ்பீக்கரான இன்-இயர் வந்த பிறகு சண்டையின் இடம் மாறியிருக்கிறது. கூட்டம் கூடக் கூட, அவர்கள் கூவுவதைக் கேட்கும் ஆசையில் ஒரு காதைக் கழற்றிவிடுவோம். திறந்த காதில் இரைச்சல் நுழையும். அதை வெல்ல மூடிய காதில் வால்யூமை ஏற்றச் சொல்வோம். 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் பாதி நேரம்தான் தாங்கும் என்பது தொழில்பாதுகாப்புக் கணக்கு. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம். கச்சேரியோ இரண்டரை மணி நேரம். நீங்கள் "கழற்றாதே" என்று சொன்னதோடு நிற்கவில்லை. மேடையின் இரு மூலையிலும் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் நிறுத்தி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அதை மட்டும் ஏற்றி, கைத்தட்டலைக் காதுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

பாட்டு நடக்கும்போது அந்தக் கூட்டத்து மைக்கை ஏன் இறக்கிவிடுகிறீர்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குத் தாளம் 0.14 நொடி கழித்துத்தான் போய்ச் சேரும். அவர் தட்டுவது மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.14 நொடி. நிமிடத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே அரை நொடிதான். ஆக அந்தக் கைத்தட்டல் பாதி அடிக்கும் மேல் தள்ளி வந்து விழும். அதைப் பிடித்துப் பாடினால் பாட்டு இழுபட்டுக்கொண்டே போகும், ட்ரம்ஸ் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். "தட்டுறதைக் கேட்டுப் பாடாதே, ட்ரம்ஸைக் கேட்டுப் பாடு" என்று நீங்கள் காதுக்குள் சொல்வது இதனால்தான்.

ஜெனரேட்டர் பார்க்கிறவர்களை யாரும் மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துவதில்லை. லைட்டுக்கு ஒன்று, சவுண்டுக்கு ஒன்று என்று தனித்தனி ஜெனரேட்டர் கேட்டு அடம்பிடிக்கிறவர் நீங்கள். லைட்டைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரின் உறுமல் ஸ்பீக்கரில் ஏறாமல் இருப்பது அதனால்தான். த்ரீ பேஸில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வந்து ஆம்ப்ளிஃபயர் கருகும் என்பதால் ஒவ்வொரு இணைப்பையும் திருகி இறுக்குகிறீர்கள். எர்த் கம்பி அடித்து, தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் இல்லை என்று பார்க்காமல் சவுண்ட் செக் தொடங்கவிடமாட்டீர்கள். கிடார் ஒரு எர்த்திலும் மைக் வேறொரு எர்த்திலும் இருந்தால், கிடார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைக்கிற ஆளுக்குத்தான் ஷாக். மழை ஈரத்தில் அது ஆளையே முடித்துவிடும். வி.ஐ.பி. வந்துவிட்டார், ஆரம்பியுங்கள் என்று கமிட்டிக்காரர் கத்தினாலும் அசையாமல் நிற்கிறீர்களே, அந்த நிமிடங்களுக்கு எங்கள் உயிரே கடன்.

சுருதியை இறக்கச் சொல்கிற கீபோர்டு அண்ணன்களுக்கு அடுத்த நன்றி. ஸ்டுடியோவில் 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரக் கணக்கு) பாடிய பாட்டு, வரி வரியாக வெட்டி ஒட்டிச் செய்தது. அதையே கச்சேரியில் பதினெட்டாவது பாட்டாக நின்றுகொண்டும் ஆடிக்கொண்டும் பாட வேண்டும். நாலரைக்கோ 4 கட்டைக்கோ இறக்கினால் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரிவது பாடகரின் கர்வத்துக்கு மட்டும். கீபோர்டில் அது ஒரு பட்டன். ஆனால் புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும், கிடார்காரர் விரலை மாற்ற வேண்டும், முன்பே பதிவு செய்த ட்ராக் போட்டுப் பாடுவதானால் புது சுருதியில் மறுபடி எடுத்து வைத்திருக்க வேண்டும். மேடையில் முடிவெடுத்தால் நடக்காது. இரண்டு நாள் முன்பே போன் செய்து "நாலரைல வெச்சுடவா?" என்று நீங்கள் கேட்பது அதற்காகத்தான். உச்சத்தில் நிற்கிற மூன்று பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் ஒரு டூயட்டைச் செருகுவதும் உங்கள் கை. வெளியே தெரியாத தைலம் அது.

கோரஸ் பாடும் தங்கைகளே, தம்பிகளே, உச்ச ஸ்வரத்தில் எங்கள் மூச்சு முடிகிற இடத்தில் உங்கள் மூச்சு தொடங்குகிறது. கைத்தட்டு எங்களுக்கு விழுகிறது. வீடியோவில் பெயர் போட மறந்தால் நேரே கேளுங்கள்.

குரல் பார்க்கிற மருத்துவர்களுக்கும் குரல்பயிற்சி தருகிறவர்களுக்கும் எழுத நிறைய இருக்கிறது. 440 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் குரல்நாண்கள் இரண்டும் நொடிக்கு 440 முறை மோதிக்கொள்கின்றன. வீங்கிய நாணோடு அந்த மோதலைத் தொடர்ந்தால் காய்ப்பு உண்டாகும். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால் கஷாயத்தை நிறுத்திவிட்டு நாணின் அசைவைக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப் கருவி வைத்துப் பார்க்க வரச் சொன்னவர்கள் நீங்கள். சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில், இரண்டும் சந்திப்பதில்லை. நாணுக்கு ஈரம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீர் குடித்திருக்க வேண்டும், இல்லையேல் ஆவி பிடிக்க வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பாடினால் நாணில் ரத்தம் கசியலாம் என்று தடுத்தீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தை வடிய வைக்கும். அந்தத் தெம்பில் முழுக்குரலில் பாடி உள்ளதையும் கெடுத்துக்கொள்வோம் என்று அதையும் எளிதில் எழுதித் தரவில்லை.

கச்சேரிக்கு முன் ஒல்லியான ஸ்ட்ராவின் நுனியை 2, 3 சென்டிமீட்டர் தண்ணீரில் முக்கி, குமிழி வர "ஊ" என்று கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் 5 நிமிடம் ஊதச் சொல்கிறீர்கள். எதிர்க்காற்று நாண்களை லேசாகப் பிரித்து வைப்பதால் மோதல் குறைகிறது. காசு செலவில்லாத பயிற்சி, ஆனால் பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருப்பதால் பலர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள்.

புகழால் குரலுக்கு வரும் கேடு பாட்டு முடிந்த பிறகே தொடங்குகிறது என்று சொன்னதும் நீங்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஸ்பீக்கரில் பாட்டு ஓட, பட்டாசு வெடிக்க, செல்ஃபிக்கு நின்று நூறு பேரோடு கத்திப் பேச வேண்டியிருக்கும். இரைச்சலில் மனிதக்குரல் தானாகவே உயரும். உயர்வது பேசுகிறவருக்கே தெரியாது. களைத்த நாணுக்கு இரண்டு மணி நேரப் பாட்டைவிட இந்த அரை மணி நேரப் பேச்சு மோசம். சிரித்துக் கையாட்டிவிட்டுக் காரில் ஏறு, வேண்டுமானால் மறுநாள் அமைதியான அறையில் சந்தி என்றீர்கள். நள்ளிரவில் பிரியாணி சாப்பிட்டு உடனே படுக்காதே, 3 மணி நேரமாவது விடு, இல்லையென்றால் புளித்த ஏப்பம் நாணைச் சுடும் என்றும் சொன்னீர்கள். இதை மட்டும் கடைப்பிடிப்பவர் எங்களில் குறைவு.

உலகப்புகழ் வந்தாலும் இதிலிருந்து தப்பில்லை. இங்கிலாந்துப் பாடகி அடெல் 2011-ல் குரல்நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, ஒப்புக்கொண்ட அமெரிக்கக் கச்சேரிகளை ரத்து செய்து, பாஸ்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2012 பிப்ரவரியில் 6 கிராமி விருதுகள் வாங்கிய இரவில் அவர் மேடையில் நன்றி சொன்னவர்களில், குரலை மீட்டுத் தந்த மருத்துவர்களும் உண்டு. அதே அடெல் 2017-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் 4 இரவுகள் பாட வேண்டியிருக்க, 2 இரவு பாடியதும் நாண் பழுதாகி, மருத்துவர் சொல்லைக் கேட்டு மீதி இரண்டையும் ரத்து செய்தார். டிக்கெட் எல்லாம் விற்றுப்போயிருந்த இரவுகள். "பாடாதே" என்று சொல்ல அந்த மருத்துவருக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டியிருந்திருக்கும்!

கணக்கு பார்க்கும் ஆடிட்டர்களுக்குச் சுருக்கமாக. சம்பளம் தரும்போதே 10 விழுக்காடு வருமான வரி (டி.டி.எஸ்.) பிடித்துவிட்டதால் வரி முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே, மீதிக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ம் தேதிக்குள் முன்வரி கட்டு, வரவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய் என்றீர்கள். யூடியூப் பார்வைக் கணக்கைக் காட்டி கார் வாங்க வந்தவர்களிடம் வங்கிக் கணக்கைக் காட்டச் சொன்னதும் நீங்களே. பாட்டு பதிவான அன்றே, ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன், எழுதியவருக்கு எத்தனை விழுக்காடு, மெட்டுப் போட்டவருக்கு எத்தனை என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வைத்தவர்களுக்கும் நன்றி. பாட்டு ஓடாதவரை அந்தத் தாளை யாரும் தேடுவதில்லை; ஓடிய பிறகு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. டிக்கெட் கச்சேரியில் பிறர் பாட்டைப் பாடுவதற்கு பாட்டு எழுதியவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்கும் உரிமைத்தொகை வாங்கித் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் உரிமம் எடுத்தாயிற்றா என்று அமைப்பாளரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் வாங்கச் சொன்னவர்களும் உங்களில் உண்டு. நாம் பாடிக் கைத்தட்டு வாங்குகிற பாட்டை எழுதிய வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு போய்ச் சேரட்டும்.

இரவு 10 மணிக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்குகிற அண்ணனை விட்டுவிட முடியாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு நள்ளிரவு வரை அரசு விலக்கு கொடுத்தாலொழிய. "ஒன்ஸ்மோர்" என்று கூட்டம் கத்தும், பாடகரும் கையைக் காட்டுவார், நீங்கள் கடிகாரத்தைக் காட்டுவீர்கள். தெருவுக்குப் பின்னால் படுத்திருக்கிற கைக்குழந்தைக்காரிக்கு அந்தப் பாடகர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம்.

வெறும் நன்றியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதனால் சிலவற்றை எழுத்திலேயே தருகிறோம். எத்தனை மைக், எத்தனை வாத்தியம், யார் எங்கே நிற்பார் என்ற இன்புட் லிஸ்ட் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கைக்கு வரும். 7 மணிக் கச்சேரிக்கு 3 மணிக்கு சவுண்ட் செக்; பாடகரும் வருவார், பதிலுக்கு ஆள் அனுப்பமாட்டார். கோரஸ், சவுண்ட், லைட், ஜெனரேட்டர் எல்லாப் பெயரும் வீடியோ விவரக்குறிப்பில் இருக்கும். உங்கள் சம்பளம் எங்கள் செக் பாஸாகும் வரை காத்திருக்காது. லிஸ்ட் வரவில்லையென்றால் மேனேஜரிடம் சொல்லாதீர்கள். நேரே எங்களுக்கே போன் போட்டுத் திட்டுங்கள்.

அன்புடன்,
மேடையில் பாடும் நாங்கள்