உளுந்து மஞ்சளித்துவிட்டது தம்பி

தம்பி, அம்மா எழுதுகிறேன். போன் எடுக்க நேரமில்லை என்றால் இதையாவது படி. நேரத்துக்குச் சாப்பிடு.

வடக்குப் பங்கு உளுந்து மஞ்சளித்துவிட்டது. முதலில் கொழுந்திலையில் பொட்டுப் பொட்டாகத்தான் தெரிந்தது, இப்போது வரப்பில் நின்று பார்த்தால் பாதி வயல் எலுமிச்சை நிறம். செடியைத் தட்டினால் வெள்ளை ஈ சாம்பல் மாதிரிப் பறந்து மறுபடி இலைக்கு அடியிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. மருந்துக்கடையில் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள், அப்பாவும் வாங்கி வந்து அடித்தார். இது மஞ்சள் தேமல் நோய், அதற்கு மருந்தே கிடையாது, அதைப் பரப்புகிற ஈயைத்தான் அடக்கலாம் என்று நீ காலேஜ் படிக்கும்போதே சொன்னதுதானே, யார் கேட்கிறார்கள்.

தாத்தா காலத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, மெழுகுப் பதத்தில் நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். கையறுப்பு முடிகையில் தாளுக்கு நடுவே முளைத்திருக்கும், மிச்ச ஈரத்திலும் பனியிலுமே காய்த்துவிடும். இப்போது அறுப்பு மிஷின். முளைத்ததன் மேல் செயின் ஏறினால் என்ன மிஞ்சும்? அதனால் அறுத்த பிறகுதான் விதைப்பு. இந்த வருஷம் சம்பாவே தள்ளிப்போனதில் தையில் போட வேண்டியது மாசிக்குப் போய்விட்டது. வெயில் ஏற ஏற ஈக்குக் கொண்டாட்டம், முன்னால் விதைத்தவர்கள் வயலில் இருந்த நோயெல்லாம் நம் பிஞ்சுச் செடிக்கு வந்து சேர்ந்தது.

ஆடுதுறை 3 ரக உளுந்து போட்ட இடம்தான் இப்படி. நீ சொல்லிப் போட்ட வம்பன் 8 ரகம், அந்த ஒரு மா நிலம் மட்டும் பச்சையாக நிற்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பிள்ளை சொன்ன விதை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு தெரிந்த பிள்ளை பொங்கலுக்கு ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. சரி விடு.

அத்தை மகன் உன்னைத் திருப்பூரில் பார்த்தானாம். இளைத்துவிட்டாய் என்றான். சென்னையில் வேலை பார்க்கிறவனுக்குத் திருப்பூரில் என்ன என்று நான் கேட்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஏக்கருக்கு ஐந்து, ஈ வந்து ஒட்டிக்கொள்கிற மஞ்சள் பசை அட்டை நட்டுவைத்து, மஞ்சளித்த நாலு செடியை அன்றைக்கே பிடுங்கிப் புதைத்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காது என்று அப்பா இப்போது புலம்புகிறார். அடுத்த வருஷம் எல்லாமே வம்பன் 8 போடலாமா என்று உன்னைக் கேட்கச் சொன்னார், விதைக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டுமாம். எனக்கு வாட்ஸப்பில் பதில் போடாதே, அவருக்கே போன் போட்டுச் சொல். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், இங்கே இருக்கிறது.