இருந்த இடத்திலேயே எல்லோருக்கும் இடம்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

குடமுருட்டிக் கரையிலுள்ள நம் ஆலயத்தில் ஞாயிறு திருப்பலிக்கு இப்போது யாரும் தாழ்வாரத்தில் நிற்பதில்லை. சுவரை இடிக்கவில்லை, கூரையை நீட்டவில்லை. பெஞ்சுகளைத்தான் மாற்றிப் போட்டோம். கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் பங்குப்பேரவை சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி, பெஞ்சு கொடுத்த குடும்பங்களுக்கு. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் இறந்துபோன ஒருவரின் பெயர் இருக்கிறது. எட்டடியில் ஒன்று, பத்தடியில் ஒன்று என்று தலைமுறைகளாகச் சேர்ந்தவை அவை. ஒருவருக்கு ஒன்றரை அடி என்றால் 8 அடியில் 5 பேர்தான், அரையடி வீண். 9 அடியில் 6 பேர் சரியாக அமரலாம். ஆகவே நீளமானதை அறுக்கவும் குட்டையானதை நீட்டவும் வேண்டியிருந்தது. தாய் தகப்பன் பெயர் தாங்கிய பெஞ்சில் ரம்பம் வைக்கச் சம்மதிப்பது எளிதா? சம்மதித்தீர்கள். பெயர் எழுதிய இடத்தில் கீறல்கூட விழாமல் வேலை முடித்த தச்சர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நீட்டுவதற்குத் தம் கொல்லைப் பூவரசை வெட்டித் தந்த அம்மாவுக்கும் நன்றி.

அளந்து வரைந்து தந்தவர் நம் பங்கிலேயே பிறந்த, பொறியாளரான ஒரு தங்கை. வரிசைக்கு 4 அடி விட்டிருந்ததை 3 அடியாக்கினார். 48 அடியில் 12 வரிசை நின்ற இடத்தில் 16 வந்தன. இன்னும் நெருக்கலாமே என்று சிலர் கேட்டபோது, முழந்தாளிட முடியாது என்று உறுதியாக நின்றார். நடுவழியையும் 5 அடிக்குக் குறைக்க விடவில்லை. சக்கர நாற்காலி திரும்ப வேண்டும். மணமக்கள் வருவார்கள், சவப்பெட்டியும் வரும்.

பீடத்துக்கு முன்னால் பாய் விரிக்க இடம் விட்டிருக்கிறோம். தரையில் அமர்ந்தே ஜெபமாலை சொல்லிப் பழகிய பாட்டிமாரைப் பெஞ்சில் ஏற்றுவது மரியாதை ஆகாது என்பது என் எண்ணம். பெஞ்சுகளைத் தரையோடு முடுக்கவும் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்காக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இரவில் இங்கேதானே படுக்கிறார்கள்!

வேலை நடந்த நாள்களில் திருப்பலிக்குத் தம் களத்தைத் தந்த எதிர்த்தெரு இந்துக் குடும்பத்தையும், பந்தல் போட்டு வாடகை வாங்க மறுத்த இஸ்லாமியச் சகோதரரையும் மறக்க மாட்டோம். நடவு முடிந்து வந்து இரவில் பெஞ்சு தூக்கிய இளைஞர்களுக்கும், அவர்களோடு விழித்திருந்த உபதேசியாருக்கும் நன்றி.

பாடகர் குழுவுக்கு இடம் இன்னும் சரியாக அமையவில்லை. இடப்புறத் தூணோரம் மாற்றிப் பார்க்க வரும் சனிக்கிழமை மாலை கூடுகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
பங்குப்பேரவைச் செயலர்