பேர் போடுவது பற்றி மகளுக்கு

பேராதனை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லவில்லை. இரண்டு பருவங்கள் உன் பாத்திகளில் மண் மாதிரி எடுத்து, உலர்த்தி, நிறுத்து, எண்களைப் பதிந்து தந்த அந்த வயல் உதவியாளரின் பெயரைக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சேர்க்கலாமா, அல்லது உன் மேற்பார்வையாளர் சொல்வது போலக் கடைசியில் ஒரு நன்றி வரியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டாய். "வழக்கம் என்ன அப்பா?" என்பதுதான் உன் கேள்வி. வழக்கத்தை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த வழக்கத்தின்படி நான் செய்த ஒரு காரியம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ கண்டியில் வளர்ந்தவள். விடுமுறைக்கு மட்டுமே அப்பாயியின் லயத்துக்கு, அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போயிருக்கிறாய். ஆகவே தோட்டத்தில் 'பேர்' என்ற சொல் எவ்வளவு கனமானது என்பது உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. அங்கே பேர் என்பது ஆளைக் கூப்பிடும் பெயர் மட்டுமன்று, ஒரு நாள் உழைப்புக்கும் அதுதான் பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன அளவு கொழுந்தெடுத்து மடுவக் கொட்டகையில் நிறுத்தால்தான் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பேர் விழும்; அளவு குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் அப்பாயி விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, விடுபட்ட ஒரு பேருக்காகக் கணக்கப்பிள்ளையின் முன்னால் நின்று வாதாடியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். காசுக்காகத்தான் என்று சிறுவனாக இருந்தபோது நினைத்தேன். அந்த நாள் முழுவதும் அட்டைக்கடியோடு மழையில் நின்றேன் என்பதற்கு அந்தப் பேரைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இருக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகே விளங்கியது.

எங்கள் வீட்டில் பெயரைப் பற்றி இன்னொரு பயமும் இருந்தது. 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளியினரான எங்கள் சனத்தைப் பங்கு பிரித்தது. யாருடைய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே அதன் பிறகு ஊரையும் உறவையும் தீர்மானித்தது. தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். நாங்கள் இங்கே தங்கினோம். தாத்தா பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தகரப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்தார். 1985இல் நான் பல்கலைக்கழகப் பதிவுக்கு வந்தபோது அதையும் கையோடு கொண்டுவந்தேன்.

முதல் வருடத்தைப் பற்றி உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் பாதியைக் காதால் கேட்டும் மீதியைப் படத்தைப் பார்த்தும் புரிந்துகொண்ட வருடம் அது. ஆனால் நான் ஆய்வாளனாக ஆனது விரிவுரை மண்டபத்தில் அன்று. 1987க்கும் 1989க்கும் இடையில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன். செய்வதற்கு வேறெதுவும் இல்லாமல் அப்பாயியோடு மலைக்குப் போய்வந்த ஒரு நாளில், அவர் ஓர் இளங்கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இன்னும் பத்து நாள்ல இந்த மலை பூரா வெள்ளையாகிடும்" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். ஊசிமுனை அளவில், எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவும் ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் கொப்புள நோயின் முதல் அடையாளம். அப்பாயி சொன்ன காலக்கணக்கில் அந்த மலையில் இலைகள் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்மையாக வீங்கி நின்றன.

அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணம் 1946இல் இந்த நாட்டுத் தேயிலையில் முதன்முதலாகக் காணப்பட்டது. இளங்கொழுந்தை மட்டுமே தாக்கும், ஈரம் வேண்டும், வெயிலில் அதன் வித்திகள் விரைவாகச் சாகும். ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்ப்போம் என்றால் அதற்கு இணங்காது. உயிருள்ள தேயிலை இலையில்தான் வாழும். ஆகவே அதைப் படிக்க விரும்புகிறவன் மலைக்குத்தான் போக வேண்டும், மலையில் இருப்பவர்களின் கண்ணைத்தான் நம்ப வேண்டும். எனக்கு வாய்த்த ஆய்வுப்பொருள் அப்படிப்பட்டது. அதை நான் என் பாக்கியமாகவே நினைக்கிறேன்.

1995இல் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் முதல் பெரிய பரிசோதனையைத் தொடங்கினேன். பன்னிரண்டு துண்டு நிலம், ஒரு வெயில்மானி. கண்ணாடி உருண்டை சூரிய ஒளியைக் குவித்து அட்டையில் கருகிய கோடு போடும் அந்தக் கருவியை நீ என் அறையில் பார்த்திருக்கிறாய். வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது என்பதைக் கொண்டு மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கும் முறை அப்போதே நடைமுறையில் இருந்தது. ஒரே தோட்டத்துக்குள் அது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்ப்பதே என் நோக்கம். நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் போக முடிந்தது. மற்ற ஆறு நாட்களும் பொழுது சாய்ந்த பிறகு அட்டையை மாற்றி, ஒவ்வொரு துண்டிலும் நூறு கொழுந்தைக் கிள்ளிப் புள்ளி எண்ணிக் கொப்பியில் எழுதிவைத்தவர், நீ சிறுவயதில் 'கொப்பி அம்மாயி' என்று கூப்பிடுவாயே, அவர்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முழுநாளும் கொழுந்தெடுத்துவிட்டு வந்து இதைச் செய்தார். நான் மாதம் ஒரு தொகை கொடுத்தேன். அது சிறிய தொகை.

எண்களை மட்டும்தான் எழுதச் சொல்லியிருந்தேன். அவர் ஓரத்தில் தன் பாட்டுக்கு வேறு சிலவற்றையும் எழுதினார். "ஓடப்பக்கம் பத்து மணிக்குத்தான் எல காஞ்சிச்சி." "மேல் துண்டு எட்டுக்கே காஞ்சிருச்சி." முதல் ஆறு மாதங்கள் நான் அவற்றை வாசிக்கவே இல்லை. தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் திண்டாடிய ஓர் இரவில்தான் அந்த ஓரக் குறிப்புகள் கண்ணில் பட்டன. வெயில்மானிக்கு ஒரே வெயில்; ஆனால் ஓடையோரத்துத் துண்டுகளில் மூடுபனி கலையாமல் நிற்பதால் இலை இரண்டு மணி நேரம் கூடுதலாக நனைந்திருந்தது. அட்டையில் கருகும் கோட்டை விட இலையின் ஈரத்தைக் கணக்கிலெடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்டுரையின் சாரம். அது என் சாரம் என்று அன்று நினைத்தேன்.

1997இல் கட்டுரை வெளிவந்தது. என் பெயர் முதலில், எனக்கு வழிகாட்டியவரின் பெயர் அடுத்து. கடைசியில் 'தோட்டத் தொழிலாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. அவருடைய பெயரைப் போடாதே என்று எவரும் என்னைத் தடுக்கவில்லை, மகள். போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லயத்தில் பிறந்த எனக்கே தோன்றவில்லை.

பிரதியொன்றை எடுத்துக்கொண்டு பெருமையோடு அவரிடம் போனேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மிகச் சாதாரணமாக, மடுவத்தில் கேட்பது போலவே, "இதுல எம் பேரு எங்க சார் விழுந்திருக்கு?" என்று கேட்டார். குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. வேலை செய்த நாளுக்குப் பேர் விழுந்திருக்கும் என்று நம்பியவரின் குரல். நான் நன்றி வரியைக் காட்டினேன். "தொழிலாளர்னா எல்லாரும் தானே" என்றார்.

பேச்சை மாற்ற வரைபடத்தை விளக்கத் தொடங்கினேன். எந்தத் துண்டில் கொப்புளம் மிக அதிகம் என்று காட்டியபோது அவர் விரலை வைத்து, "ஏழாம் துண்டா? அது அந்த வருசம் கவ்வாத்து வெட்டுன துண்டு சார்" என்றார். எனக்குக் கை உறைந்துவிட்டது. செடியை வெட்டிக் குட்டையாக்கும் கவ்வாத்துக்குப் பிறகு தளிர்த்து வரும் தேயிலை கொப்புள நோய்க்கு மிக எளிதில் இரையாகும் என்பது யாருக்கும் தெரிந்த பாடம். ஏழாம் துண்டின் எண்ணிக்கை ஓடையின் ஈரத்தால் மட்டும் கூடியதன்று. கவ்வாத்து வெட்டிய வாரங்களில் நான் வேறு வேலையாக வராமல் இருந்தேன். கொப்பியின் அந்தப் பக்க ஓரத்தில் அதுவும் எழுதப்பட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அந்தத் துண்டை நீக்கி மறுபடி கணக்கிட்டேன். முடிவு மாறவில்லை, ஆனால் அதன் அளவு நான் எழுதியதை விடக் குறைந்தது. இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு ஒரு தடவை தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் அந்தப் பிழை வெளியே போயிருக்காது. அவரை ஆசிரியராக நினைக்காததால்தான் வாசித்துக் காட்டவில்லை.

உன் மேற்பார்வையாளர் விதிகளைச் சொல்வார். அவற்றை நீயும் முழுதாகப் படி. 1978இல் வன்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர் குழுவின் வழியில் வந்த நெறியைத்தான் இன்று பல துறைகள் பின்பற்றுகின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவு பெறுவதிலோ, அதைப் பகுப்பாய்வதிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுத்திலோ அறிவார்ந்த திருத்தத்திலோ பங்கு வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் வேண்டும். முழு வேலைக்கும் பொறுப்பேற்க வேண்டும். உதவியாளர் கட்டுரையைத் திருத்தவில்லையே என்று சொல்லி விலக்குவது எளிது. ஆனால் அதே நெறி, முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு மற்றவற்றை நிறைவு செய்யும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிரதியை அவரிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அவர் வாசிக்கவில்லை என்று காரணம் சொல்வது நியாயமாகாது. இதைப் பணிவாக, ஆனால் தெளிவாக எழுது.

இது உன் காலத்துப் பிரச்சினை மட்டுமன்று. நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தாவரவியற் பூங்காவில், 1820கள் தொடங்கி ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஹாமனிஸ் டி அல்விஸ் என்பவர் இந்தத் தீவின் செடிகொடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நூல்களை எழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். ஆனாலும் ஒரு சின்னஞ்சிறு ஓர்க்கிட்டுக்கு அல்விஸின் பெயர் வைக்கப்பட்டது. இலையே இல்லாமல், பச்சை வேர்களாலேயே ஒளியை உண்டு வாழும் செடி அது. 'அல்விசி' என்ற பெயர் இன்னும் அதில் இருக்கிறது. முதலாம் வருட மாணவர்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும்போது இந்தக் கதையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

பதவி உயர்வுக்காகக் கட்டுரைகளை எண்ணிப் புள்ளி போடும் முறை உன்னையும் ஒரு நாள் நெருக்கும். பெயர்களின் வரிசையைப் பார்க்கும் கண்கள் உன்னைச் சுற்றி இருக்கும். அந்த நெருக்கடியை நான் சிறுமைப்படுத்தவில்லை, அதற்குள்தான் நானும் பேராசிரியரானேன். ஆனால் யாருக்கு முதலில் தெரிகிறது என்பதை மறக்க முடியவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது விவசாய விஞ்ஞானிகள் பலரும் விளைச்சல் விழும் என்று எழுதினோம், பேசினோம். நவம்பரில் அது விலக்கப்பட்டது. எங்கள் கணக்குகள் வருவதற்கு முன்பே, கூடையின் கனம் குறைவதைத் தோளில் உணர்ந்தவர்கள் மலையில் இருந்தார்கள்.

கொப்பி அம்மாயியின் பெயர் அடுத்த கட்டுரையில் இரண்டாவதாக வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் லயத்து வாசலில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்று இடங்களில் திருத்தினார். படிவத்தில் நிறுவன முகவரி கேட்டார்கள், தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதினேன். அதைவிடச் சிரமமாக இருந்தது பெயரின் எழுத்துக்கூட்டல்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். இரண்டையும் தமிழ் தெரியாத யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். எது சரி என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். தன் அப்பா கூப்பிட்டது போலச் சொல்லிக் காட்டி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தார். அதைப் பார்த்துத்தான் ஆங்கில எழுத்துகளைக் கூட்டினேன்.

உன் வயல் உதவியாளரான அந்த இளைஞரும் வேறு நாட்டிலிருந்து வந்து அவுஸ்திரேலியாவில் வேலை செய்கிறவர் என்று சொன்னாய். சம்பளப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து அவர் பெயரை எழுதிவிடாதே. பிரதியை அவர் கையில் கொடுத்து, வாசிக்க இரண்டு வாரம் கொடு. பிறகு, "உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள்?" என்று அவரிடமே கேள்.

அன்புடன்,
அப்பா